பழைய கர்நாடக இசை எல்.பி. தட்டு வாங்கப் போகிறீர்களா? முதலில் தேய்மானத்தைப் பாருங்கள்

பழைய சினிமாப் பாட்டுத் தட்டில் சின்னச் சின்ன 'டிக்' சத்தமெல்லாம் டிரம்ஸோடு டிரம்ஸாகக் கலந்து போய்விடும். கர்நாடக இசைத்தட்டில் அந்தச் சலுகை கிடையாது. மாலி புல்லாங்குழலை எடுத்துவிட்டு அடுத்த பிடிக்குக் காத்திருக்கையில் வெறும் தம்புரா மட்டும் நிற்குமே, பாலசந்தர் வீணையில் ஒரு மீட்டு இழைந்து இழைந்து அடங்குமே, அங்கேதான் தட்டின் வண்டவாளம் வெளியே வரும். ஆகவே விற்பவர் சொல்லும் தரத்திலிருந்து மனதுக்குள் ஒரு படி குறைத்துக்கொண்டே பேரம் பேசுங்கள்.

பழைய தட்டுகளுக்குத் தரம் சொல்லப் பெரும்பாலும் புழங்குவது கோல்ட்மைன் என்ற அமெரிக்க இசைத்தட்டுப் பத்திரிகையின் வரிசை, மேலிருந்து கீழாக: மின்ட் (புத்தம் புதிது), நியர் மின்ட், வி.ஜி. பிளஸ் (வி.ஜி. என்றால் 'வெரி குட்'), வி.ஜி., குட், கடைசியில் ஃபேர், புவர். கர்நாடக இசைக்கு வி.ஜி. பிளஸ்தான் என் எல்லைக்கோடு. வேறு எங்கும் கிடைக்காத கச்சேரி என்றால் வி.ஜி. வரைக்கும் இறங்கலாம், 'குட்' என்று போட்டிருந்தால் இரைச்சலுக்குத்தான் காசு கொடுக்கிறோம்.

சரி, மூர் மார்க்கெட் மாதிரி ஓர் இடத்தில் தட்டு கைக்கு வந்துவிட்டது. விளிம்பையும் நடு லேபிளையும் மட்டும் தொட்டுப் பிடியுங்கள். டியூப்லைட் வெளிச்சம் பரவலாக விழுவதால் கீறலை மறைத்துவிடும். வாசலுக்கு வந்து வெயிலில் சாய்த்துப் பாருங்கள், இல்லையென்றால் செல்போன் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடியுங்கள். மயிரிழைக் கோடுகள் பெரும்பாலும் காதுக்கு வராது. விரல்நுனியில் தட்டுப்படுமளவு ஆழமான கீறல் கண்டிப்பாக வரும். எல்.பி. ஓடும் நிமிடத்துக்கு 33⅓ சுற்று வேகத்தில் ஒரு சுற்றுக்கு 1.8 வினாடி, 25 நிமிடம் ஓடும் பக்கத்தில் ஒரு சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய நூறு சுற்று இருக்கும். அதாவது குறுக்கே ஒரே ஒரு சென்டிமீட்டர் கீறல் விழுந்திருந்தால் மூன்று நிமிடம் விடாமல் 'டிக், டிக்'. ஆலாபனையில் அது விழுந்திருந்தால் அந்த ராகத்தை மறந்துவிட வேண்டியதுதான்.

ஆனாலும் கீறல் கண்ணுக்குத் தெரிகிற எதிரி. தேய்மானம் அப்படியில்லை. நம் வீடுகளில் இருந்த பல பெட்டி பிளேயர்களில் செராமிக் கார்ட்ரிட்ஜ் (முள்ளின் அசைவை மின்சாரமாக்கும் மலிவு ரகப் பகுதி), முள்ளின் பாரம் அதிகம், முள்ளை மாற்றியவர்களும் குறைவு. அப்படி வருஷக்கணக்கில் ஓடிய தட்டில் ஒரு கீறல்கூட இல்லாமல் இருக்கலாம், ஆனால் மேல் ஷட்ஜத்துக்குப் போகும்போது குரல் கரகரவென்று உடையும். அடையாளம் என்னவென்றால், கருப்பு மினுமினுப்பு போய், சத்தம் அதிகமான பகுதிகள் சாம்பல் பூத்த மாதிரி தெரியும். நடுத்துளையைச் சுற்றி லேபிளில் பிளேயரின் நடுக்கம்பி உரசிய கோடுகள் நிறைய இருக்கும். எம்.எஸ். பாடிய வேங்கடேச சுப்ரபாதம் இதற்கு நல்ல உதாரணம். 1963-இல் வந்த தட்டு, எங்கும் கிடைக்கும், ஆனால் பல வீடுகளில் தினமும் காலையில் ஓடியது. அதனால் முதலில் கண்ணில் பட்டதை எடுக்காமல் பொறுமையாகத் தேடுங்கள்.

போட்டுக் காட்டச் சொல்லுங்கள், தயங்கவே வேண்டாம். முதல் பாட்டைக் கேட்டுத் தலையாட்டிவிடாதீர்கள். வெளி விளிம்பில் முள்ளுக்கடியில் வினாடிக்குச் சுமார் 50 சென்டிமீட்டர் தடம் ஓடுகிறது, லேபிளை நெருங்கும்போது அது 21 அளவுக்குக் குறைந்துவிடும், அந்த நெருக்கடியில்தான் ஒலி முதலில் சிதறும். எனவே முள்ளைக் கடைசிப் பாட்டில் வைக்கச் சொல்லுங்கள், அப்புறம் ஏதாவது ஓர் ஆலாபனையின் தொடக்கத்தில். தனி ஆவர்த்தனத்தை வைத்துத் தரம் பார்க்காதீர்கள், மிருதங்கம் எல்லாவற்றையும் மூடிவிடும்.

பழைய எச்.எம்.வி. தட்டுகளில் இ.சி.எல்.பி. (ECLP) என்று தொடங்கும் எண் மோனோ, அதாவது ஒற்றை ஒலித்தடம்; இ.சி.எஸ்.டி. (ECSD) என்றால் ஸ்டீரியோ, இடம் வலம் என்று இரண்டு. மோனோ தட்டு கொஞ்சம் இரைந்தால் உடனே ஒதுக்க வேண்டாம், வீட்டு ஆம்பிளிஃபயரில் மோனோ பொத்தானை அழுத்தினால் இரைச்சலில் ஒரு பங்கு அடங்கிவிடும்.

உறையில் உள்ள எண்ணும் லேபிள் எண்ணும் ஒன்றுதானா என்று பாருங்கள், தட்டு மாறிக் கிடப்பது சகஜம். எம்.எஸ். பாடிய பாலாஜி பஞ்சரத்ன மாலா மாதிரி ஐந்து தட்டு வரிசை என்றால் ஐந்தும் இருக்கிறதா என்று எண்ணிவிடுங்கள். லேபிளில் யாரோ பேனாவால் எழுதிய பெயர், நூலக முத்திரை, செல்லோ டேப் ஒட்டிய உறை இதெல்லாம் பாட்டைக் கெடுக்காது. விலையைக் குறைக்கத்தான் உதவும். கண் மட்டத்தில் தட்டைப் பிடித்து வளைவு பாருங்கள். லேசான அலை பரவாயில்லை, முள்ளே ஏறி இறங்கினால் வேண்டாம்.

இணையத்தில் வாங்கினால் இரண்டு பக்கத்துக்கும் சாய்ந்த வெளிச்சத்தில் எடுத்த படம் கேளுங்கள், போட்டுக் கேட்டுத்தான் தரம் சொன்னாரா, வெறும் கண் பார்வையா என்பதையும் கேட்டுவிடுங்கள். தட்டை அட்டை உறைக்கு வெளியே தனியாக வைத்து, இரு பக்கமும் கெட்டி அட்டை கொடுத்து அனுப்பச் சொல்லுங்கள். உள்ளேயே வைத்து அனுப்பினால் வழியில் ஆடி உறையின் ஒட்டு விளிம்பு கிழிந்துவிடும்.

சென்னை ஈரத்தில் பூத்த வெள்ளைப் பூஞ்சையைப் பார்த்துப் பயப்படாதீர்கள், எல்.பி. என்றால் பெரும்பாலும் கழுவினால் போய்விடும். காய்ச்சி வடித்த நீர், கொஞ்சம் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், மென்மையான துணி, தடத்தின் போக்கிலேயே துடைக்க வேண்டும், லேபிள் நனையக் கூடாது. தாத்தா காலத்து 78 தட்டு (நிமிடத்துக்கு 78 சுற்று ஓடுவது) கிடைத்தால் மட்டும் ஆல்கஹால் பக்கமே போகாதீர்கள், அது ஷெல்லாக் என்ற அரக்கால் ஆனது, கரைந்துவிடும். அதற்கு வெறும் தண்ணீரில் ஒரு துளி பாத்திரச் சோப்பு போதும், உடனே ஒற்றி உலர்த்திவிடுங்கள்.