பழைய பெட்டியிலுள்ள வெள்ளியைத் தரம் பிரிப்பது எப்படி?

புதுச்சேரியில் பழைய வீடொன்றின் இரும்புப் பெட்டியைத் திறந்தால், அறுந்த கொலுசு, பூசைச் சாமான், விக்டோரியா தலை போட்ட ரூபாய், பிரெஞ்சுக் காலத்துக் கரண்டி எல்லாம் ஒரே துணிமூட்டைக்குள் கிடக்கும். அவற்றை அப்படியே அள்ளிக்கொண்டு போய்த் தராசில் கொட்டினால், அந்தக் குவியலில் மிக மட்டமானது எதுவோ அதன் விலைதான் எல்லாவற்றுக்கும் பேசப்படும். எனவே கடைக்குப் போகும் முன்பே பிரித்து, ஒவ்வொரு குவியலையும் தனியே எடைபோட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.

முதல் வேலை, பூதக்கண்ணாடியால் முத்திரையைத் தேடுவது. தரம் ஆயிரத்தில் எத்தனை பங்கு வெள்ளி என்று எண்ணால் குறிக்கப்படும்: 999 ஏறக்குறையச் சுத்த வெள்ளி, 925 என்பது மோதிரம், சங்கிலி போன்றவற்றுக்கு வழக்கமான தரம், 800 அதற்கும் கீழ். கடைக்காரர்கள் இதையே ‘டச்’ என்பார்கள். 80 டச் என்றால் நூற்றுக்கு 80 பங்கு. வெறும் ‘925’ என்ற எண்ணை யாரும் குத்திவிடலாம் என்பதால், இந்தியத் தர நிர்ணய அமைவனமான பி.ஐ.எஸ்.ஸின் முத்திரை உடன் இருக்கிறதா என்று பார்ப்பது அவசியம். 2025 செப்டம்பர் முதல் வெள்ளிக்கும் ஆறு எழுத்து–எண் கொண்ட தனி அடையாளக் குறியீடு விருப்ப அடிப்படையில் வந்திருக்கிறது, அதை ‘பி.ஐ.எஸ். கேர்’ செயலியில் இட்டுச் சரிபார்க்கலாம்.

பிரெஞ்சுக் கரண்டியில் எண்ணைத் தேடிப் பயனில்லை. 1838 முதல் பிரான்சில் வெள்ளிக்கு இடப்பட்ட முத்திரை, தலைக்கவசம் அணிந்த மினர்வா தேவதையின் பக்கவாட்டு முகம். முகத்தருகே 1 என்றிருந்தால் 950, 2 என்றிருந்தால் 800. செய்தவரின் குறி சாய்சதுரத்துக்குள் இருந்தால் அது முழு வெள்ளி. நேர்ச் சதுரத்துக்குள் இருந்தால் வெறும் முலாம். முலாம் கரண்டியில் ‘84’ என்ற எண் இருப்பதைக் கண்டு 84 டச் என்று மகிழ்ந்தவர்களை அறிவேன். அது ஒரு டஜன் கரண்டிகளுக்கும் ஒரு டஜன் முள்கரண்டிகளுக்கும் சேர்த்துப் பூசிய வெள்ளியின் கிராம் கணக்கு.

பிரெஞ்சு ஆட்சியிலிருந்த வியட்நாமின் சைகோனில் வேலை பார்த்துத் திரும்பிய குடும்பங்களில் இந்தோசீனப் பியாஸ்தர் நாணயம் கிடைக்கக்கூடும். 1895க்குப் பிந்தைய, 1928 வரையிலான நாணயத்தின் மீதே தரம் 0.900, எடை 27 கிராம் என்று பிரெஞ்சில் பொறித்திருக்கும். ஆக, அதில் 24.3 கிராம் சுத்த வெள்ளி. போலிகளும் மிகுதி. பிரிட்டிஷ் இந்திய ரூபாயோ சரியாக ஒரு தோலா, அதாவது 11.66 கிராம். 1939 வரை ஆண்டிட்டவற்றில் நூற்றுக்கு 91.7 பங்கு வெள்ளி. 1940 முதல் 1945 வரை பாதிதான். 1947 ரூபாய் நிக்கல், காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும். ஒரே ஜார்ஜ் மன்னரின் முகம்தான், ஆண்டைப் பார்க்காமல் விற்றால் நட்டம்.

முத்திரையே இல்லாதவற்றுக்குக் காந்தம் போதாது, ஏனெனில் பித்தளையும் ஜெர்மன் சில்வரும்கூட அதில் ஒட்டுவதில்லை. செம்பு, துத்தநாகம், நிக்கல் கலந்த ஜெர்மன் சில்வரில் பெயரைத் தவிர வெள்ளி கிடையாது. இங்கே தண்ணீர்ச் சோதனைதான் கைகொடுக்கும். சமையலறை மின்தராசில் தண்ணீர்க் கிண்ணத்தை வைத்துப் பூச்சியமாக்கி, பொருளை நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் தொடாமல் முழுக்க அமிழ்த்திப் பிடிக்க வேண்டும். பொருளின் எடையை அப்போது தராசு காட்டும் எண்ணால் வகுத்தால் அடர்த்தி கிடைக்கும். 210 கிராம் டம்ளருக்குத் தராசு 20 காட்டினால் விடை 10.5, நல்ல வெள்ளி. 24 காட்டினால் 8.75, ஜெர்மன் சில்வராக இருக்கலாம். எங்கள் வீட்டுக் காமாட்சி விளக்குக்கு விடை 6க்கும் கீழே வந்தபோதுதான், அடிப்பகுதி முழுக்க அரக்கு அடைத்திருப்பது தெரிந்தது. எவர் வாங்கினாலும் அந்த அரக்கின் எடையைக் கழிப்பார்கள். நாங்கள் வாங்கியபோது யாரும் கழிக்கவில்லை.

கொலுசில் ஒவ்வொரு கண்ணியிலும் பற்று, அதாவது ஒட்டவைக்கும் மட்டமான உலோகக் கலவை, வைத்திருப்பதால், உருக்கினால் சொன்ன டச்சுக்குக் கீழேதான் நிற்கும். தரத்தை அளக்கும் கடையின் ‘கேரட் மீட்டர்’ கருவி மேற்பரப்பை மட்டுமே பார்க்கும். கனமான முலாம் அதை ஏமாற்றிவிடும் என்பதால், மறைவான ஓரிடத்தில் சற்றே ராவிவிட்டு வைக்கச் சொல்லுங்கள்.

கணக்கு எளிது: எடையைத் தரத்தால் பெருக்கி, அன்றைய சுத்த வெள்ளியின் கிராம் விலையால் மீண்டும் பெருக்க வேண்டும். 40 கிராம் எடையுள்ள, 2 என்ற எண் கொண்ட மினர்வா கரண்டியில் 32 கிராம் வெள்ளி உண்டு. வாங்கும்போது கொடுத்த செய்கூலியும் சேதாரமும் 3 விழுக்காடு ஜி.எஸ்.டி.யும் விற்கும்போது திரும்பி வருவதில்லை. நாணயங்களை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்காமல், முதலில் நாணயம் சேகரிப்பவரிடம் காட்டுங்கள். அதுவரை புளியோ விபூதியோ போட்டுத் துலக்கிவிடாதீர்கள், கறுத்திருக்கும் காசுக்குத்தான் அவர்களிடம் மதிப்பு.