முட்டையை மிதக்கவிட்டு விதைநெல் தேர்ந்தெடுக்கும் ஜப்பானிய முறை

விதைநெல்லைத் தூற்றினால் பதர் பறந்துவிடும். ஆனால் அரைகுறையாகப் பால் பிடித்த கருக்காய் மணியோடு மணியாக நின்றுவிடும். வெறும் தண்ணீரில் கொட்டினாலும் அதில் பெரும்பகுதி அமிழ்ந்துபோகும். அதை மேலே கொண்டுவரத் தண்ணீர் கனமாக வேண்டும். 1882இல் ஜப்பானின் ஃபுகுவோக்கா வேளாண் பள்ளி ஆசிரியர் யோகோய் டோகியோஷி அதற்கு உப்பைக் கரைத்தார்.

1. கரைசல். 10 லிட்டர் தண்ணீருக்குச் சுமார் 2 கிலோ உப்பு. அடியில் ஒரு கல்கூட நிற்காதபடி கலக்குங்கள். ஜப்பானில் சாதாரண நெல்லுக்கு ஒப்படர்த்தி, அதாவது கரைசல் தண்ணீரைவிட எத்தனை மடங்கு கனம் என்பது, 1.13 இருக்க வேண்டும் என்பது கணக்கு. அளக்கக் கருவி இல்லையா? புது முட்டை ஒன்றைப் போடுங்கள். படுத்தபடி மிதந்தால் சரி. பழைய முட்டை வேண்டாம், அது வெறும் தண்ணீரிலேயே மிதக்கும். ஒட்டரிசி நெல்லுக்கு 1.08 போதும், உப்பு சுமார் 1.2 கிலோ. அதில் முட்டை செங்குத்தாக நிற்கும்.

2. அலசுதல். காய்ந்த நெல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டிக் கையால் துழாவுங்கள். மிதப்பதை அரித்து எடுத்துவிடுங்கள். ‘இவ்வளவு போகிறதே’ என்று கை கூசும், இரக்கம் காட்டாதீர்கள். அதே கரைசலில் அடுத்த கூடையைப் போடும்முன் முட்டையை மறுபடி விட்டுப் பாருங்கள். நெல்லோடு உப்பும் போய்க்கொண்டே இருக்கும்.

3. கழுவுதல். அமிழ்ந்த நெல்லை உடனே நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை கழுவுங்கள். உப்பு தங்கினால் முளைப்பு கெடும். மிச்சக் கரைசலை வயலில் ஊற்றிவிடாதீர்கள்.

இந்த முறை எல்லா வீட்டுக்கும் தானாகப் போய்ச் சேரவில்லை. அதே ஃபுகுவோக்காவில், முன்னாள் சாமுராய் (போர்வீரர்) ஹயாஷி என்ரி விதைநெல்லைக் குளிர்காலத் தண்ணீரில் ஊறப்போடச் சொல்லிப் பெயர் வாங்கியிருந்தார். யோகோய் அதைக் கடுமையாக எதிர்த்தார். 1903இல் அரசே 14 அறிவுரைகளை வெளியிட்டது. நெல், பார்லி விதையை உப்புநீரில் தேர்ந்தெடுப்பதும் அவற்றில் ஒன்று. இவற்றைச் செயல்படுத்தப் போலீஸ்காரர்களும் இறங்கினார்கள். அவர்கள் இடுப்பு வாளை வைத்து ‘வாள் வேளாண்மை’ என்ற பெயர் அதற்கு நிலைத்துவிட்டது. நல்ல யோசனைதான், ஆனாலும் விதைநெல்லுக்கு வாள் கொஞ்சம் அதிகம்!

4. ஊறலும் முளைகட்டலும். ஜப்பானில் விதைக்கும் பருவம் குளிரானது. அதனால் தண்ணீரின் வெப்பநிலையை நாட்களால் பெருக்கினால் 100 வருமாறு ஊறவைப்பார்கள்: 10 டிகிரி என்றால் 10 நாள். தண்ணீரை அவ்வப்போது மாற்ற வேண்டும். நம்மூர் வெயிலுக்கு ஒரு நாள் ஊறினால் போதும். அப்புறம் 30 டிகிரி வாக்கில் கதகதப்பாக மூடி வையுங்கள். முளை 1 மில்லிமீட்டர் எட்டிப் பார்த்ததும் திறந்து ஆறவிடுங்கள். நீளவிட்டால் விதைக்கும்போது ஒடிந்துவிடும்.