பெயர் மறந்த பாட்டை வருடத்தை வைத்துப் பிடிக்கலாம்

இளவயதில் உருகி உருகிக் கேட்டு, பிறகு அடியோடு மறந்துபோன பாட்டுகளை யோசித்து யோசித்துத் தேட வேண்டாம். உங்களுக்கு 15 வயது நடந்த ஆண்டு எது என்று கணக்குப் போடுங்கள். விக்கிப்பீடியாவில் அந்த ஆண்டின் திரைப்படப் பட்டியலைத் திறந்து, மேலிருந்து கீழே விரலால் தள்ளிக்கொண்டே போங்கள். ஏதோ ஒரு படத்தின் பெயரில் கண் நிற்கும். அதன் பாடல் பட்டியலைத் திறந்தால், இரண்டாவது சரணம் வரைக்கும் வாய் தானாகப் பாடும். அப்புறம் முன்னும் பின்னும் ஐந்தைந்து வருடம் பாருங்கள், போதும்.

ஒன்றைத் தானாக நினைவுக்குக் கொண்டுவருவதைவிட, கண்ணில் பட்டதும் அடையாளம் காண்பது மூளைக்கு எளிது. அதோடு, சுமார் 10 முதல் 30 வயது வரையிலான நினைவுகள்தான் பிற்காலத்தில் அதிகம் மேலெழும் என்கிறார்கள் உளவியலாளர்கள். பாட்டு விஷயத்தில் இன்னும் கொஞ்சம் முன்னாலேயே தொடங்கிவிடும் என்பது என் கணிப்பு.

பெரியவர்கள் வீட்டில் ஓடவிட்டதால் ஒட்டிக்கொண்ட பாட்டுகளுக்கு இது உதவாது. அவை நீங்கள் பிறப்பதற்கு முன்பே வந்திருக்கலாம். மெட்டு மட்டும் நினைவிருந்தால் கூகுள் செயலியில் 10–15 விநாடி முணுமுணுத்துப் பாருங்கள், 2020 முதல் இந்த வசதி இருக்கிறது. சுருதி கொஞ்சம் பிசகினாலும் பரவாயில்லை. விளம்பரப் பாட்டு, பள்ளி விழாப் பாட்டு போன்றவை மட்டும் இரண்டிலும் சிக்குவது கடினம். அவற்றுக்குக் கூடப் படித்தவர்களைக் கேட்பதுதான் வழி.