வர்க்கி டப்பாவில் பிராசசர்: கால் எண்ணிக் காலம் பார்ப்பது எப்படி

கோத்தகிரியில் என் கடைக்கு வருகிறவர்கள் மேசை மேல் இருக்கும் வர்க்கி டப்பாவைப் பார்த்ததும் கை நீட்டுவார்கள். திறந்தால் வர்க்கி இருக்காது. கறுப்பு ஸ்பாஞ்சில் குத்தி வைத்த பழைய பிராசசர்கள்தான், அதாவது கம்ப்யூட்டரின் மூளைகள்தான் இருக்கும். இருபத்தாறு வருடமாகக் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்கிறேன். இனி ஓடாது என்று கைவிட்ட மெஷின்களிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டுப் போட்டு டப்பா நிறைந்துவிட்டது.

போன வருடம் பக்கத்துப் பள்ளி டீச்சர் ஒருவர் வந்தார். அறிவியல் கண்காட்சிக்கு பிராசசர் வளர்ந்த கதையை ஒரு சார்ட்டில் எழுதித் தரச் சொன்னார். “சார்ட் எதுக்கு டீச்சர், சாமானையே வச்சிடலாம்” என்றேன். அப்படிச் செய்த பலகையை நீங்களும் செய்யலாம். பொருள் சேர்க்க ஒரு மாதம், ஒட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

தொடங்கும் முன் ஒன்று சொல்லிவிடுகிறேன். எந்த வருடம், எத்தனை மெகாஹெர்ட்ஸ் வேகம் என்று மனப்பாடம் செய்யவே வேண்டாம். எந்த பிராசசரைக் கையில் எடுத்தாலும் இரண்டு இடத்தைப் பாருங்கள். கீழே எத்தனை கால்? மேலே தலையில் எதைச் சுமந்தது? கால் என்பது அது வெளியுலகத்தோடு பேசும் வழி. தலைச்சுமை என்பது அது கக்கிய சூடு. ஐம்பது வருடக் கதையில் முக்கால்வாசி இந்த இரண்டிலேயே இருக்கிறது.

சேர்ப்பது

பழைய இரும்புக் கடைதான் முதல் இடம். மதர்போர்டுகளை எடைக்கு எடுத்து ஒரு மூட்டையில் போட்டு வைத்திருப்பார்கள். “பழசு எது இருந்தாலும் எடுத்து வை தம்பி” என்று சொல்லி வையுங்கள். அடுத்தது டீ ஃபேக்டரி அலுவலகங்கள், எஸ்டேட் பங்களாக்கள், பழைய போர்டிங் பள்ளிகளின் பீரோக்கள். மலையில் எந்தப் பொருளும் சீக்கிரம் கீழே இறங்காது. சமவெளியில் என்றைக்கோ காணாமல் போனது இங்கே மாடிப்படிக்குக் கீழே மூடி போட்டு இருக்கும். எனக்கு ஐ.பி.எம். எக்ஸ்.டி. வகை மெஷின் ஒன்று அப்படித்தான் கிடைத்தது, உள்ளே எலிக்கூட்டோடு.

பழைய பென்டியம் பிராசசரின் செராமிக் உடம்பும் தங்க நிறத் தகடும் பார்க்க அழகாக இருக்கும். அதில் தங்கம் எடுக்கலாம் என்று ஆசிட் ஊற்றுகிறவர்கள் உண்டு. அந்தப் புகை நுரையீரலைத் தின்றுவிடும். அந்தப் பக்கமே போகாதீர்கள்.

கழற்றுவது

இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் நான் சூடுபட்ட இடம் இது. ஒரு டீ ஃபேக்டரி அலுவலகத்தில் பென்டியம் 4 மெஷின் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தானே அணைகிறது என்று கூப்பிட்டார்கள். மார்கழிக் காலை, வெளியே புல்லெல்லாம் பனி. மூடியைக் கழற்றினால், பிராசசரின் சூட்டை வாங்கி வெளியே விடும் ஹீட் சிங்கின் தகடுகளே தெரியவில்லை. டீத்தூளோடு பறக்கும் அந்தப் பழுப்புப் பஞ்சு தகட்டுக்குத் தகடு இறங்கி, கம்பளி மாதிரி அடைத்திருந்தது. விரலால் பிடித்து இழுத்தால் ஒரே துண்டாக உரிந்து வந்தது, டீ வாசனையோடு. ஃபேன் சுற்றுகிறது, காற்று போக வழியில்லை. பிறகு அணையாமல் என்ன செய்யும்?

அதுவரை சரி. அப்புறம் ஹீட் சிங்கை நேராக மேலே இழுத்தேன். பிராசசருக்கும் அதற்கும் நடுவே தடவிய பேஸ்ட் குளிரில் இறுகிக் கல்லாகி இருந்திருக்கிறது. பிராசசர் உட்காரும் சாக்கெட்டின் நெம்புகோல் பூட்டியபடியே இருக்க, பிராசசர் ஹீட் சிங்கோடு ஒட்டிக்கொண்டு பிடுங்கி வந்துவிட்டது. 478 கால்களில் பதினொன்று வளைந்துவிட்டன. லெட் இல்லாத 0.5 மி.மீ. மைக்ரோ டிப் பென்சிலின் மூக்கை ஒவ்வொரு காலிலும் மாட்டி, மூச்சைப் பிடித்து நிமிர்த்தினேன். மெஷின் ஓடியது. ஆனால் அந்த ஒரு மணி நேரம் எனக்கு மறுபடி வேண்டாம்.

ஆகவே மெஷின் உயிரோடு இருந்தால் கழற்றும் முன் பத்து நிமிடம் ஓட விடுங்கள். சூட்டில் பேஸ்ட் இளகும். பிறகு அணைத்து, ஒயரைப் பிடுங்கிவிட்டு, ஹீட் சிங்கை இடமும் வலமுமாக மெல்லத் திருகி, அப்புறம்தான் தூக்க வேண்டும். செத்த மெஷினாக இருந்தால் ஹேர் டிரையரால் சூடு காட்டலாம்.

பேஸ்ட்டைத் துடைக்க, செல்போன் சர்வீஸ் கடையில் வைத்திருக்கும் ஐ.பி.ஏ. (ஐசோபுரோபைல் ஆல்கஹால்) திரவம் கொஞ்சம் வாங்கிக்கொள்ளுங்கள். தண்ணீர் வேண்டாம், நம் ஊர் ஈரத்தில் அது காயவே காயாது. இன்னொன்று, கம்பளி ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டு உட்காருங்கள். தை மாத வறட்டுக் குளிரில் ஸ்வெட்டரைக் கழற்றும்போது சடசடவென்று பொறி பறக்கிறதே, உயிரோடு இருக்கும் பிராசசருக்கு அந்த ஒரு பொறி போதும்.

எழுத்தைப் படிப்பது

மூடியில் காப்புரிமை அடையாளத்துக்குப் பக்கத்தில் 78, 80 என்று இருப்பதைப் பார்த்து அதுதான் பிறந்த வருடம் என்று நினைத்துவிடாதீர்கள். அது வடிவமைப்பின் வருடம். இன்டெலின் போட்டிக் கம்பெனியான ஏ.எம்.டி.யின் சில்லுகளில் பெரும்பாலும் நான்கு இலக்கம் தனியாக நிற்கும். 9432 என்றால் 1994-இன் 32-வது வாரம். இன்டெலில் ஒரு நீண்ட வரிசை இருக்கும். முதல் எழுத்து ஆலையைக் குறிக்கும், அடுத்த இலக்கம் வருடத்தின் கடைசி எண், அதற்கடுத்த இரண்டும் வாரம். 6, அப்புறம் 31 என்றிருந்தால் 6-இல் முடியும் ஒரு வருடத்தின் 31-வது வாரம். அது 1996-ஆ, 2006-ஆ? திருப்பிப் போட்டுக் காலைப் பாருங்கள், தெரிந்துவிடும்.

வரிசையில் வைப்பது

முதல் இடம் இன்டெல் 4004-க்கு. 1971 நவம்பரில் விற்பனைக்கு வந்தது. 16 கால், சுமார் 2,300 டிரான்சிஸ்டர் (குட்டி மின் சுவிட்ச்), 740 கிலோஹெர்ட்ஸ். பிசிகாம் என்ற ஜப்பான் கால்குலேட்டர் கம்பெனிக்காகச் செய்தது. அசல் கிடைக்காது, கிடைத்தாலும் விலை நமக்குக் கட்டாது. அதே அளவில் ஒரு 16 கால் ஐ.சி.யை வைத்து, ‘இது அது அல்ல, அளவுக்காக’ என்று எழுதிவிடுங்கள். பிள்ளைகளிடம் பொய் சொல்ல வேண்டாம்.

இரண்டாவது 8085. 1976-இல் வந்தது. 40 கால், 5 வோல்ட் ஒன்றே போதும். கோவையில் பாலிடெக்னிக் படித்தபோது இதன் டிரெய்னர் கிட்டில்தான், அதாவது பயிற்சிப் பலகையில்தான், என் விரல் தேய்ந்தது. திரை கிடையாது, சிவப்பு எண்கள் மட்டும்தான். 80 என்றால் கூட்டு, 32 என்றால் கொண்டுபோய் நினைவகத்தில் வை, 76 என்றால் நில். இரண்டு எண்ணைக் கூட்டி விடை வாங்குவதற்குள் பெல் அடித்துவிடும். இன்றைக்கும் பஸ்ஸில் 76 என்ற எண்ணைப் பார்த்தால் எனக்கு நிற்கத் தோன்றும்.

பழைய போர்டிங் பள்ளி பீரோவில் பிபிசி மைக்ரோ கம்ப்யூட்டர் கிடைத்தால் விடாதீர்கள். 1984-இல் மத்திய அரசு பள்ளிகளில் கணினிக் கல்வி தொடங்கியபோது கொடுத்தது அதைத்தான். உள்ளே இருப்பது 6502, 1975-இல் 25 டாலருக்கு வந்து சந்தையையே கலக்கிய சில்லு. பிபிசி மைக்ரோவைச் செய்த ஏகார்ன் கம்பெனியின் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

மூன்றாவது 8088. 1981-இல் ஐ.பி.எம். பி.சி.யில் 4.77 மெகாஹெர்ட்ஸில் ஓடியது. உள்ளே 16 பிட் கணக்கு (பிட் என்றால் ஒரு 0 அல்லது 1), வெளியே பேசுவது மட்டும் 8 பிட். மற்ற பாகங்களை மலிவாக முடிக்கலாம் என்றுதான் அதைத் தேர்ந்தெடுத்தார்கள். பிள்ளைகளிடம் 8085-ஐயும் 8088-ஐயும் கொடுத்துக் கால் எண்ணச் சொல்லுங்கள். இரண்டும் 40! மூளை வளர்ந்தும் கால் வளரவில்லை. ஒரே காலில் முதலில் முகவரி, பிறகு தகவல் என்று முறை வைத்து அனுப்பினார்கள், நம் மலைப்பாதையில் ஒரு வண்டி ஒதுங்கி இன்னொன்றுக்கு வழி விடுகிற மாதிரி.

அங்கிருந்து கால்கள் பெருகும். 1982-இன் 286-க்கு 68. 1985-இன் 386-க்கு 132. 1989-இன் 486-க்கு 168. இதில் 386-இல் முழு 32 பிட் வந்தது. 486-இல் டிரான்சிஸ்டர்கள் சுமார் 12 லட்சம். தனியாக வாங்கிச் செருக வேண்டியிருந்த கணக்குச் சில்லு டி.எக்ஸ். வகையில் உள்ளேயே வந்துவிட்டது. தலையைப் பாருங்கள், தொடக்க கால 486-இன் தலை மொட்டை. 66 மெகாஹெர்ட்ஸ் டி.எக்ஸ்.2 வந்த பிறகுதான் ஹீட் சிங்க் ஏறியது. பலகையில் இரண்டையும் பக்கத்தில் வையுங்கள்.

1993-இல் பென்டியம், 31 லட்சம் டிரான்சிஸ்டர். 586 என்று ஏன் வைக்கவில்லை? வெறும் எண்ணை யாரும் தன் பெயர் என்று பதிவு செய்ய முடியாது, அடுத்த கம்பெனியும் அதையே போட்டு விற்பான். முதல் பென்டியங்களில் வகுத்தலில் ஒரு பிழை இருந்தது. 1994-இல் தாமஸ் நைஸ்லி என்ற கணித பேராசிரியர் பகா எண்களோடு மல்லுக்கட்டும்போது கண்டுபிடித்தார். 4195835-ஐ 3145727-ஆல் வகுத்தால் 1.3338 வர வேண்டும், அதில் 1.3337 வரும். சில்லை மாற்றிக் கொடுக்க இன்டெல் 47.5 கோடி டாலர் ஒதுக்க வேண்டியதாயிற்று. அந்தக் காலத்து மெஷின் ஓடும் நிலையில் கிடைத்தால் எக்ஸெலில் இந்த வகுத்தலைப் போட்டுப் பாருங்கள். எனக்கு இன்னும் பிழையுள்ளது ஒன்றுகூட மாட்டவில்லை.

1997-இன் பென்டியம் 2-ஐப் பார்த்தால் பிள்ளைகள் வீடியோ கேம் கேசட் என்பார்கள். அதற்கு ஒரு இடம் கொடுத்துவிட்டு நகருங்கள்.

இனி பென்டியம் 4, 2000-ஆம் வருடம். 4.2 கோடி டிரான்சிஸ்டர். இங்கே நில்லுங்கள். இதன் ஹீட் சிங்கையும் பலகையில் ஏற்றுங்கள், எடை தெரியட்டும். வேகத்தை ஏற்றிக்கொண்டே போனால் போதும் என்ற எண்ணத்தில் செய்தது இது. 2004-இல் 3.8 கிகாஹெர்ட்ஸோடு மூச்சு முட்டியது, 4 கிகாஹெர்ட்ஸ் வருகிறது என்று சொல்லிவிட்டு இன்டெலே ரத்து செய்தது. அந்த 3.8 சில்லு தின்றது 115 வாட், பழைய குண்டு பல்பை விட அதிகம். ஒரு சில்லின் சூடு அதன் வேகத்துக்குத் தக்கபடியும் வோல்டேஜின் வர்க்கத்துக்குத் தக்கபடியும் ஏறும். 5 வோல்ட்டிலிருந்து 3.3, பிறகு 1.5-க்குப் பக்கம் என்று வோல்டேஜை இறக்கிக்கொண்டே வந்ததால்தான் அதுவரை வேகத்தை ஏற்ற முடிந்தது. அதற்கு மேல் இறக்க வழியில்லை. டிரான்சிஸ்டர் சும்மா இருக்கும்போதும் மின்சாரம் கசிய ஆரம்பித்துவிட்டது.

‘நம்ம ஊர்தான் குளிராச்சே, சூடு என்ன பண்ணும்?’ என்று இங்கே எல்லோரும் கேட்பார்கள். கோத்தகிரி சுமார் 1,800 மீட்டர் உயரம். கடற்கரையை விடக் காற்று கிட்டத்தட்ட ஆறில் ஒரு பங்கு லேசு. ஃபேன் அதே வேகத்தில் சுற்றினாலும் தள்ளும் காற்று அந்த அளவுக்குக் குறைவுதான். குளிர் கொடுப்பதில் ஒரு பங்கை உயரம் பிடுங்கிக்கொள்கிறது, மிச்சத்தை டீப் பஞ்சு.

அடுத்து 2006-இன் கோர் 2 டுவோ. வேகம் குறைந்தது, மூளை இரண்டானது. 29.1 கோடி டிரான்சிஸ்டர், 65 வாட். திருப்பிப் பார்த்தால் காலே இருக்காது! 2004-இலேயே கால்களை சாக்கெட்டுக்கு மாற்றிவிட்டார்கள், 775 கம்பிகள் அங்கே நிற்கும். பிராசசரின் அடியில் தங்கப் புள்ளிகள் மட்டும். பலகையில் அந்த சாக்கெட்டையும் வைத்தால்தான் புரியும். தொடவிடாதீர்கள், அது வளைந்தால் பென்சிலும் உதவாது.

ஒரு ஏ.எம்.டி. சில்லுக்கும் இடம் விடுங்கள், முடிந்தால் ஆத்லான் 64. இன்று நம் மெஷின்களில் ஓடும் 64 பிட் முறையை 2003-இல் சந்தைக்குக் கொண்டுவந்தது ஏ.எம்.டி.தான். இன்டெல் பிறகு அதையே எடுத்துக்கொண்டது.

கடைசி இடம் செல்போனுக்கு. உடைந்த போனின் போர்டை அப்படியே வையுங்கள், பிராசசர் பெரும்பாலும் மெமரிக்கு அடியில் ஒளிந்திருக்கும், பிரிக்க வேண்டாம். தலையில் ஃபேன் கிடையாது. 1985-இல் ஏகார்ன் கம்பெனியில் சோஃபி வில்சனும் ஸ்டீவ் ஃபர்பரும் செய்த ஏ.ஆர்.எம். சில்லின் வம்சம் அது. முதல் சில்லை மாட்டி மின்சாரம் எவ்வளவு இழுக்கிறது என்று ஃபர்பர் அளந்தபோது மீட்டர் பூஜ்யம் காட்டியதாம். பார்த்தால் போர்டில் கோளாறு, சில்லுக்கு மின்சார இணைப்பே இல்லை! மற்ற கால்கள் வழியே கசிந்து வந்ததை வைத்தே ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. அதன் பக்கத்தில் ஐஐடி மெட்ராஸின் சக்தி பிராசசர் படத்தை ஒட்டினேன், 2018-இல் சில்லாக வந்தது. சில்லு கையில் கிடைக்கும் நாளுக்காக ஒரு குழி வெட்டி வைத்திருக்கிறேன்.

ஒட்டுவது

தெர்மோகோல் வேண்டாம், பொறியும் பிடிக்கும், சொரசொரவென்று உதிரவும் செய்யும். பிளைவுட்டில் கறுப்பு ஸ்பாஞ்ச் ஒட்டி அதில் கால்களைக் குத்துங்கள். பசை காலில் படக்கூடாது. மேலே கண்ணாடிச் சட்டம். உள்ளே ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம் கட்டாயம், இல்லாவிட்டால் இரண்டு மழையில் கால்கள் கறுத்துவிடும். ஆரஞ்சு நிறத்து ஜெல்லாக வாங்குங்கள், ஈரம் குடித்ததும் பச்சையாகும். ஐப்பசி, கார்த்திகையில் வாரம் ஒருமுறை பார்த்து, பச்சையாகியிருந்தால் பொட்டலத்தைப் பிரித்து ஒரு பழைய தோசைக்கல்லில் போட்டுச் சிறு தீயில் வறுங்கள். மறுபடி ஆரஞ்சாகிவிடும். அந்தக் கல்லில் அப்புறம் தோசை சுட வேண்டாம்.