சுண்டெலியின் தாடையைக் கொண்டு குழந்தையின் முகத்தை விளக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஆறாம் படிவ மாணவர்களுக்கு உயிரியல் சொல்லித்தருகிறேன். அவர்களில் பலர் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து வருகிறவர்கள். தோட்டக் குடியிருப்பான லயத்தில் ஒரு குழந்தை பிளவுபட்ட உதட்டோடு பிறந்துவிட்டால், கிரகணத்தன்று வெளியே வந்தாயா, கத்தியைத் தொட்டாயா என்று தாயைக் கேட்கும் வழக்கம் இன்னும் முற்றிலும் ஒழியவில்லை. அந்தப் பழியைத் துடைக்க விரும்பும் மாணவர்கள், சுண்டெலிகளில் நடந்த ஏதோ ஓர் ஆய்வைப் படித்துவிட்டு, "இன்ன மரபணு கெட்டுவிட்டது" என்று சொல்லி, அதே தாயின் தலையில் வேறொரு பழியை வைத்துவிடுகிறார்கள். ஆய்வு பொய்யன்று, அதைப் படித்த விதத்தில்தான் பிழை இருக்கிறது.

மரபணுவின் பெயரை அதன் வேலையாக எடுத்துக்கொள்வது முதல் தவறு. இரத்தக் குழாய்களைச் சுருக்கும் பொருளாக 1988இல் அறியப்பட்டது எண்டோதீலின்-1. அதன் மரபணுவை நீக்கிய சுண்டெலிகளைப் பற்றி ஜப்பானிய ஆய்வாளர்கள் 1994இல் எழுதியபோது, தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக வர வேண்டிய இரண்டு பிரதிகளையும் இழந்த குட்டிகள் சிதைந்த தாடையோடு பிறந்து மூச்சுவிட முடியாமல் இறந்ததைக் குறிப்பிட்டார்கள். இரத்த அழுத்தத்தோடு தொடர்புடைய பொருள் என்று எல்லோரும் எண்ணியிருந்த ஒன்று, கருவில் முகத்துக்கு வடிவம் கொடுக்கவும் தேவைப்பட்டிருக்கிறது.

இதிலிருந்து "எண்டோதீலின் தாடையைச் செய்கிறது" என்று எழுதும் மாணவர், அடுத்த தவறுக்குள் போய்விடுகிறார். எண்டோதீலின் தாடையைச் செய்வதில்லை. இது கீழ்த்தாடையாக வேண்டிய இடம் என்று அது செய்தி சொல்கிறது. தாடை எலும்பாகப் போகும் செல்கள், நரம்புக் குழாயின் முகட்டிலிருந்து இடம்பெயர்ந்து, கருவின் கழுத்துப் பகுதியில் தோன்றும் மடிப்புகளான தொண்டை வளைவுகளுக்குள் வருபவை. செய்தியை அனுப்புபவை அவையல்ல, அவற்றைச் சுற்றியுள்ள மேல்தோல் முதலிய திசுக்கள். வந்த செல்களிடம் இருப்பது அதைப் பெறும் ஏற்பி. எனவே தாடை சரியாக அமையாதபோது, குறை தாடைச் செல்லில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. அனுப்பிய திசுவிலோ, ஏற்பியிலோ, செய்தியைச் செல்லுக்குள் கடத்தும் புரதங்களிலோ இருக்கலாம். காது மடலும் தாடை மூட்டும் ஒருசேரப் பாதிக்கப்படும் ஓர் அரிய மனித நோயில், 2012இலும் 2013இலும் குறை கண்டறியப்பட்டது இந்தப் பாதையின் வெவ்வேறு படிகளில்தான்.

அந்தச் செய்தி கிடைத்த செல்களில் டிஎல்எக்ஸ்5, டிஎல்எக்ஸ்6 என்னும் மரபணுக்கள் இயங்குகின்றன. இவ்விரண்டையும் நீக்கிய சுண்டெலிகளில், கீழ்த்தாடை இல்லாமல் போகவில்லை, மேல்தாடையின் சாயலைப் பெற்றது என்று 2002இல் தெரியவந்தது. மீசை மயிர்கூடக் கீழே முளைத்தது. 2008இல் மேல்தாடைப் பகுதியிலும் எண்டோதீலினைச் சுரக்கச் செய்தபோது, மேல்தாடை கீழ்த்தாடையின் வடிவத்துக்கு மாறியது. இந்த இரண்டு ஆய்வுகளையும் அருகருகே வைத்துப் படிக்காமல் ஒன்றை மட்டும் மேற்கோள் காட்டுவது, வழக்கில் ஒரு தரப்பை மட்டும் கேட்டுத் தீர்ப்புச் சொல்வதற்கு ஒப்பாகும்.

சுண்டெலிக்கு நடந்தது மனிதருக்கும் அப்படியே நடக்கும் என்று கொள்வதும் ஆகாது. ஐஆர்எஃப்6 மரபணுவின் ஒரு பிரதி பழுதானாலே மனிதருக்கு உதட்டுப் பிளவோ அண்ணப் பிளவோ வரலாம். ஒரு பிரதியை இழந்த சுண்டெலி பெரும்பாலும் நலமாகவே வாழ்கிறது. முக எலும்புகள் சரியாக வளராத டிரெச்சர் காலின்ஸ் நோய்க்குரிய மரபணுவின் ஒரு பிரதியை நீக்கியபோது, சில சுண்டெலி இனங்களில் முகம் கடுமையாகச் சிதைந்தது, வேறு சிலவற்றில் குறை அவ்வளவாகத் தெரியவில்லை. ஒரே குடும்பத்தில் ஒரே மாற்றத்தைச் சுமக்கும் இருவரில் ஒருவருக்கு முகம் வெகுவாகப் பாதிக்கப்பட்டு, மற்றவருக்கு ஏறக்குறைய இயல்பாக இருப்பதும் இதே நோயில் உண்டு. ஆகவே எந்த இனம், ஒரு பிரதியா இரண்டா என்று கேட்காமல் முடிவு சொல்லக் கூடாது.

காலக் கணக்கில் தவறாதவர் குறைவு. சுண்டெலியின் கர்ப்பம் ஏறத்தாழ 20 நாள். தாடைக்கான எண்டோதீலின் செய்தி 9ஆம் நாளை ஒட்டியே தேவைப்படுகிறது. மனிதரில் முகம் பெரும்பாலும் கருவின் 4 முதல் 8 வாரங்களுக்குள் உருவாகிறது. கிளினிக்கில் மிசி (தாதி) எழுதும் வாரம் கடைசி மாதவிலக்கிலிருந்து எண்ணப்படுவதால், கருவியலாளர் சொல்லும் வாரத்தைவிட அது இரண்டு வாரம் கூடுதலாக இருக்கும் என்பதை மாணவர்கள் மறந்துவிடுகிறார்கள். மேலுதட்டின் பகுதிகள் கருவின் 7ஆம் வாரத்தை ஒட்டி ஒன்றுசேர்ந்துவிடுகின்றன. ஏழாம் மாதத்தில் கிரகணம் பிடித்தது என்று பாட்டி நினைவுகூர்ந்தால், அந்தக் குழந்தையின் உதடு சேருமா சேராதா என்பது அதற்குப் பல மாதங்களுக்கு முன்பே, தாய் தன் வயிற்றில் கரு இருப்பதை அறிந்துகொள்ளும் நாட்களிலேயே, முடிவாகியிருக்கும்.