வைக்கோல் கட்டும் டிராக்டருக்கு உயரமான காற்றுக் குழாயும் வலைக் கூண்டும் பொருத்தும் முறை

சம்பா அறுவடை முடிந்து வைக்கோல் கட்டும் வேலை மும்முரமாக நடக்கும் தை, மாசி மாதங்களில், சிதம்பரம், புவனகிரி, காட்டுமன்னார்கோயில் வட்டாரங்களிலும் புதுச்சேரியின் பாகூர்ப் பக்கத்திலும் ‘வண்டி இழுக்கவில்லை, கரும்புகை தள்ளுகிறது’ என்ற பேச்சைப் பட்டறைகளில் அடிக்கடி கேட்கலாம். டீசல் பம்ப்பிலும் நாசிலிலும் கோளாறு தேடுவதற்கு முன்னால், எஞ்சினுக்குக் காற்று போகும் வழியைப் பார்த்துவிடுவது நல்லது. காற்று குறைந்து டீசல் மட்டும் வழக்கம்போல் இறங்கினால், அது முழுதும் எரியாமல் கரும்புகையாக வெளியேறும். இழுவை குறையும், டீசல் செலவு கூடும்.

எஞ்சின் குடிக்கும் காற்றின் அளவை ஒரு முறை கணக்கிட்டுப் பார்த்தால் மற்றவை எளிதில் விளங்கும். 2,500 சி.சி. கொள்ளளவுள்ள டர்போ (காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் சுழலி) இல்லாத எஞ்சின் நிமிடத்திற்கு 2,000 சுற்று ஓடும்போது, ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை காற்றை இழுப்பதால், உத்தேசமாக நிமிடத்திற்கு 2,500 லிட்டர், அதாவது மணிக்கு ஒன்றரை லட்சம் லிட்டர் காற்று உள்ளே போகிறது. வைக்கோல் கட்டும் இயந்திரமான பேலரைச் சுற்றி எழும் தூசி மண்டலத்திலிருந்து இவ்வளவு காற்றையும் எடுத்தால், அதில் இரண்டு வகைக் குப்பை வரும். ஒன்று, வைக்கோல் துணுக்கும் சண்டும். மற்றொன்று, கண்ணுக்கு எளிதில் தெரியாத நுண்தூசி. நெல்லின் தாளிலும் உமியிலும் சிலிக்கா உண்டு என்பதால் வயல் மண்ணோடு சேர்ந்து இது பிஸ்டன் ரிங்குகளைத் தேய்க்கவல்லது. நுண்தூசியைப் பிடிப்பது ஏர் கிளீனரின் வேலை. அதில் நாம் கை வைக்கப்போவதில்லை. துணுக்குகள் ஏர் கிளீனர் வரை வராமல், வெளியிலேயே, காற்று மெதுவாக நகரும் இடத்திலேயே நிறுத்திவிடுவதுதான் இந்த மாற்றத்தின் நோக்கம். ஆழமான பொடிப்பனியில் ஓடும் ஸ்னோமொபைல் வண்டிகளுக்கும் இதே தொல்லை உண்டு. அங்கே பனித்துகள் காற்று வாயை அடைத்துக்கொள்வதால், வாயை உயர்த்தி, நீர் ஒட்டாத அகன்ற வலையால் மூடிவிடுகிறார்கள்.

முதலில் உங்கள் வண்டியைப் பாருங்கள்

பானட்டுக்கு மேலே காற்றுக் குழாயின் கழுத்து நீட்டி, அதன் உச்சியில் பிரீ கிளீனர் (தூசியை முதலில் பிரித்துச் சேர்க்கும் கிண்ணம்) அமர்ந்திருக்கும் வண்டிகளுக்கே இந்தச் செய்முறை பொருந்தும். முன் கிரில்லுக்குள் இருந்தபடியே காற்று எடுக்கும் வண்டிகளில் குழாயை வெளியே கொண்டுவருவது வேறு வேலை. இந்த வேலைக்குப் புதியவர்கள் அதைத் தாங்களாகச் செய்ய வேண்டாம். வண்டி வாரன்டி காலத்தில் இருந்தால், விற்பனையாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு தொடங்குவது பின்னால் வரும் வாக்குவாதத்தைத் தவிர்க்கும்.

அடுத்து, ஏர் கிளீனர் எண்ணெய்க் கிண்ணம் உள்ள ஆயில் பாத் வகையா, காகித எலிமென்ட் (வடிகட்டி) உள்ள உலர் வகையா என்று தெரிந்துகொண்டு, அதை முறைப்படி சுத்தம் செய்துவிடுங்கள். அழுக்கான ஏர் கிளீனரை வைத்துக்கொண்டு குழாயை மட்டும் மாற்றினால், பலன் கிடைத்ததா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. பிறகு, ஏர் கிளீனருக்கும் எஞ்சினுக்கும் இடையில் உள்ள ரப்பர் ஹோஸைக் கழற்றி, அதன் உட்புறத்தை விரலில் சுற்றிய வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணியில் மண் நிறக் கோடு விழுந்தால், வடிகட்டாத காற்று எங்கோ ஒரு விரிசல் வழியாகவோ தளர்ந்த கிளாம்ப் வழியாகவோ உள்ளே போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள். அதைச் சரிசெய்யாமல் மேற்கொண்டு போக வேண்டாம். ஏர் கிளீனருக்கு முன்னால் சிறு கசிவு இருந்தால் பெரிய தீங்கில்லை; பின்னால் இருந்தால் எஞ்சினுக்கே ஆபத்து.

அளந்து பார்க்கும் கருவி

காற்று எவ்வளவு திணறுகிறது என்பதை வீட்டிலேயே அளந்துவிடலாம். தச்சர்கள் மட்டம் பார்க்கும் ஒளி ஊடுருவும் டியூப் இரண்டரை மீட்டர் வாங்கி, ஒரு பலகையில் ‘ப’ எழுத்தைப் போல, இரண்டு பக்கமும் ஒரு மீட்டருக்குக் குறையாத உயரத்தில் ஆணியடித்துக் கட்டுங்கள். பாதி உயரம் வரை தண்ணீர் ஊற்றி, அதில் இரண்டு துளி சொட்டு நீலம் விட்டால் மட்டம் தெளிவாகத் தெரியும். உலர் வகை ஏர் கிளீனர்களில் அடைப்பைக் காட்டும் சிறிய இண்டிகேட்டர் திருகப்பட்டிருக்கும் துளையில் டியூபின் ஒரு முனையைக் காற்றுக் கசியாமல் இணைத்து, மறுமுனையைத் திறந்தே விட்டுவிடுங்கள். எஞ்சினைக் கிளப்பிச் சிறிது சிறிதாகத் திராட்டிலை ஏற்றினால், எஞ்சின் பக்கத்துத் தண்ணீர் மேலேறும், மறுபக்கம் இறங்கும். இரண்டு மட்டங்களுக்கும் உள்ள வித்தியாசத்தை அங்குலத்தில் எழுதி வையுங்கள்.

பல டீசல் எஞ்சின்களில் இந்த வித்தியாசம் 20 முதல் 25 அங்குலத்தைத் தொட்டால் எலிமென்ட்டை மாற்ற வேண்டும் என்று கணக்கு. உங்கள் வண்டிக்கான எண் கையேட்டில் இருக்கும். டர்போ இல்லாத எஞ்சினில் சுமையில்லாமல் முழுத் திராட்டிலில் அளந்தாலே போதும். டர்போ வண்டி சுமையில்தான் முழுக் காற்றை இழுக்கும் என்பதால் அந்த அளவைப் பட்டறையில் எடுப்பதே முறை. இண்டிகேட்டர் துளை இல்லாத வண்டியில், அளப்பதற்காக ஏர் கிளீனருக்குப் பின்னால் புதிதாகத் துளை போடவே கூடாது, அளவையே விட்டுவிடலாம்.

குழாய்

இப்போதுள்ள கழுத்தின் உள்விட்டம் 75 மி.மீ. என்றால், புதிய குழாயின் உள்விட்டம் அதற்குக் குறையவே கூடாது, 80 மி.மீ. இருந்தால் இன்னும் நல்லது. ஒன்றரை முதல் இரண்டு மி.மீ. கனமுள்ள இரும்புக் குழாயை 30 முதல் 40 செ.மீ. நீளத்தில், வளைவு இல்லாமல் நேராக வெட்டிக்கொள்ளுங்கள். பி.வி.சி. குழாய் கைக்கு எளிதாகக் கிடைக்கும் என்றாலும், சைலன்ஸர் வெப்பத்தில் இளகி நெளிந்துவிடும். வெட்டிய விளிம்புகளில் நிற்கும் பிசிறை அரத்தால் தேய்த்து, வெல்டிங் கசடு எதுவும் உள்ளே ஒட்டியிருக்காதபடி தட்டி, கழுவி, காயவைத்த பிறகே பொருத்த வேண்டும்.

பழைய கழுத்தோடு புதிய குழாயை ஒரு தடித்த ரப்பர் ஸ்லீவ் போட்டு, இரண்டு பக்கமும் கிளாம்ப் வைத்து இறுக்குங்கள். வெல்டிங் வைத்து நிரந்தரமாக ஒட்டிவிட்டால், பல வண்டிகளில் பானட்டைத் திறக்கவே முடியாமல் போகும். ஸ்லீவ் மட்டும் பாரத்தைத் தாங்காது. அதிர்வில் கழுத்து விரிந்துவிடும் என்பதால், வண்டியின் அசையாத சட்டத்திலிருந்து ஒரு தாங்கு பட்டை எடுத்து, அதையும் போல்ட் மூலம் கழற்றக்கூடியதாகவே வையுங்கள். குழாயின் வாய், சைலன்ஸர் வாயிலிருந்து ஓர் அடிக்கு மேல் விலகியும் அதன் புகை வீசும் திசையில் படாமலும் இருக்க வேண்டும். உயரம் கூடக் கூடத் தூசி குறையும் என்பது உண்மைதான். ஆனால் கொட்டகை வாசலும் தெருவில் தாழத் தொங்கும் கேபிள்களும் ஓட்டுநரின் பார்வையும் அந்த உயரத்திற்கு எல்லை கட்டுகின்றன.

கூண்டு

வேலையின் சாரமே இதில்தான் இருக்கிறது. பலர் பிரீ கிளீனரின் மேல் கொசுவலையையோ பழைய சேலைத் துணியையோ இறுக்கமாகச் சுற்றிக் கட்டுகிறார்கள். நெருக்கமான வலை நல்ல வலை என்று நினைப்பதால் வரும் வினை இது. நிமிடத்திற்கு 2,500 லிட்டர் காற்று 75 மி.மீ. கழுத்தில் நுழையும்போது அதன் வேகம் நொடிக்கு 9 மீட்டருக்கு மேல் இருக்கும்; அந்த இழுப்பில் துணுக்குகள் துணியில் அப்பிக்கொண்டு சீக்கிரமே ஒரு பாயை நெய்துவிடும். அதே காற்று 30 செ.மீ. விட்டமும் 25 செ.மீ. உயரமும் கொண்ட உருளைக் கூண்டின் பக்கங்கள் வழியாக வந்தால், கிடைக்கும் பரப்பு ஏறத்தாழ 2,350 சதுர செ.மீ. ஆகையால், வேகம் நொடிக்கு 18 செ.மீ. அளவுக்கு இறங்கிவிடுகிறது. கம்பிகள் பாதிப் பரப்பை அடைத்துக்கொள்கின்றன என்று வைத்துக்கொண்டாலும் துளைகளில் 36 செ.மீ.தான். இந்த வேகத்தில் துணுக்குகள் வலையில் அழுந்த ஒட்டுவதில்லை. வண்டியின் அதிர்விலேயே பெரும்பாலும் உதிர்ந்துவிடும்.

ஆறு மி.மீ. கம்பியில் இரண்டு வளையங்கள் செய்து, நான்கு நேர்க்கம்பிகளால் இணைத்து, சுற்றிலும் இரண்டு முதல் மூன்று மி.மீ. துளையுள்ள எஃகு வலையைக் கட்டுங்கள். மேலும் கீழும் தகட்டால் மூடிவிட வேண்டும். கீழ்த்தகட்டின் நடுவில் குழாய் நுழைய மட்டும் துளை இருந்தால் போதும். பிரீ கிளீனரை இடத்தை மாற்றிப் புதிய குழாயின் உச்சியில் வைத்து, அதைச் சுற்றி எல்லாப் பக்கமும் சுமார் ஐந்து செ.மீ. இடைவெளி இருக்கும்படி கூண்டை இறக்கி, சிறகு நட்டுகளால் பூட்டுங்கள். பிரீ கிளீனரின் இறக்கைகள் காற்றைச் சுழற்றித் தூசியைப் பிரிப்பவை. அவற்றின் மேலேயே வலையைப் போர்த்தினால் அந்தச் சுழற்சி கெட்டுப்போகும்.

பொருத்திய பிறகு நீலத் தண்ணீர் மட்டத்தை மறுபடியும் பாருங்கள். பழைய அளவைவிட ஓர் அங்குலத்துக்கு மேல் கூடியிருந்தால், குழாய் குறுகலாக இருக்கிறது அல்லது ஸ்லீவ் உட்பக்கம் மடிந்திருக்கிறது.

வயலில்

கடலோர வட்டாரங்களில் பிற்பகலில் கிழக்கிலிருந்து கடற்காற்று ஏறும். அப்போது மேற்கு நோக்கி ஓட்டினால், பேலர் கிளப்பும் தூசி வண்டியோடு கூடவே முன்னால் வரும். வரிசைகளைத் தேர்ந்தெடுக்க வழியிருந்தால், தூசி பக்கவாட்டில் ஒதுங்கும்படி ஓட்டுவது நல்லது. தேநீருக்கு நிறுத்தும்போதெல்லாம் எஞ்சினை அணைத்துவிட்டு, கூண்டை ஒரு பிரஷ்ஷால் துடைத்து, பிரீ கிளீனர் கிண்ணத்தில் தூசி குறியீட்டைத் தொட்டிருந்தால் கொட்டிவிடுங்கள். அதே கையோடு எஞ்சினிலிருந்து சூடான புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் மேனிபோல்டைச் சுற்றிச் சேர்ந்திருக்கும் வைக்கோலையும் அகற்றுங்கள். வண்டி தீப்பிடிக்க அது போதும். ரேடியேட்டர் வலைக்கும் இதே கவனம் வேண்டும்.

கூண்டு வந்துவிட்டதால் ஏர் கிளீனரை மறந்துவிடக் கூடாது. ஆயில் பாத் வகையில் தினமும், எஞ்சினை அணைத்து எண்ணெய் வடிந்து இறங்கிய பிறகு மட்டம் பார்த்து, அடியில் சேறு தடித்திருந்தால் கிண்ணத்தைக் கழுவிக் கையேட்டில் சொன்ன எண்ணெயை மாற்றுங்கள். குறியீட்டுக்கு மேல் ஊற்றினால் எஞ்சின் அந்த எண்ணெயை உறிஞ்சி, கட்டுக்கடங்காமல் ஓடக்கூடும். காகித எலிமென்ட்டைத் தரையில் தட்டாதீர்கள், 30 பி.எஸ்.ஐ. அழுத்தத்துக்கு மிகாத காற்றை உள்ளிருந்து வெளியாக மட்டும் செலுத்துங்கள். அதற்குள் இருக்கும் சிறிய பாதுகாப்பு எலிமென்ட்டைச் சுத்தம் செய்யவே கூடாது, மாற்றத்தான் வேண்டும்.

வைக்கோல் வேலை முடிந்ததும் கூண்டையும் நீட்டுக் குழாயையும் கழற்றி, பிரீ கிளீனரைப் பழைய இடத்தில் வைத்துவிடலாம். கழற்றிய குழாயின் இரண்டு வாயையும் துணியால் அடைத்து வையுங்கள். இல்லையென்றால் குளவி மண்கூடு கட்டிவிடும். அடுத்த தையில் பொருத்துவதற்கு முன், டார்ச் அடித்து உள்ளே ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.