இறுதிக்காலப் பராமரிப்பு ஆய்வுகளைப் படிக்கும் முறை

புதிய மருத்துவ ஆய்வு ஒன்றைப் பற்றிப் படிக்கும்போது, அது மனிதரிடம் நடந்ததா, எலியிலோ உயிரணுக்களிலோ மட்டும் நடந்ததா என்பதை முதலில் பாருங்கள்.

அடுத்து, ஆய்வாளர்கள் எதை அளந்தார்கள் என்று தேடுங்கள். இறுதிக்காலப் பராமரிப்பில் இதைவிட முக்கியமான கேள்வி இல்லை என்றே கருதுகிறேன். 2010-இல் வெளியான பாஸ்டன் ஆய்வில், பரவிய நுரையீரல் புற்றுநோயுள்ள 151 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பிரிவினருக்கு வழக்கமான சிகிச்சையுடன் பாலியேட்டிவ் கேர் எனப்படும் நோய்த்தணிப்புச் சிகிச்சையையும் தொடக்கத்திலேயே அளித்தனர். அவர்களின் வாழ்க்கைத்தரம் மேம்பட்டது. இடைநிலை ஆயுட்காலம், அதாவது பிரிவில் பாதிப்பேர் உயிரோடு கடந்த காலம், அவர்களுக்கு 11.6 மாதங்களாகவும் மற்றவர்களுக்கு 8.9 மாதங்களாகவும் இருந்தது. ஆனால் ஆய்வின் முதன்மை அளவீடு வாழ்க்கைத்தரமே. ஒரே மருத்துவமனையில் கிடைத்த ஆயுட்கால எண்ணை எவருக்கும் வாக்குறுதியாகச் சொல்லிவிடாதீர்கள்.

ஒப்பீட்டுப் பிரிவுக்கு என்ன தரப்பட்டது என்பதையும் கவனியுங்கள். இறுதிநிலைப் புற்றுநோயாளிகள் 129 பேரிடம் நடந்து 2013-இல் வெளியான ஆய்வில், ஒரு பிரிவினருக்கு நாள்தோறும் ஒரு லிட்டர் திரவமும், மற்றவர்களுக்கு 100 மில்லிலிட்டர் மட்டுமே போலிச் சிகிச்சையாகவும் ஏற்றப்பட்டன. நீரிழப்பு அறிகுறிகளில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. சொட்டுநீர் ஏற்றாததால் வேதனை கூடிவிட்டதோ என்று வருந்தும் குடும்பத்தினருக்கு இது பெரும் ஆறுதல்.

பிறகு, ஆய்வில் பங்கேற்றோரின் வயது, நோய், நோய்நிலை ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு, உங்கள் நோயாளிக்கு அவை எவ்வளவு பொருந்துகின்றன என்று மருத்துவரிடம் கேளுங்கள்.